ஒரே இடத்தில் தொடங்கிய இரண்டு கோடுகள்

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். என் முழங்காலையும் அப்பாவின் முன்கோபத்தையும் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், இல்லையென்றால் சொல்லிவிடு, நம்புவதையாவது நிறுத்திக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று பேசி முடிப்பதற்குள் நீ நாலு பேசிவிடுகிறாய், நான் சொல்ல வந்தது எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. தாளில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு, போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன் இல்லையா, நன்றாகத்தான் கேட்டது, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்டது. பதில்தான் இல்லை. இப்போதும் முழுசாக இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டே போகிறேன், வழியில் வருகிறதா பார்ப்போம்.

நீ கேட்டதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். உன் அலுவலகத்தில் நம் நாட்டுக் காட்டையும் நீ இருக்கும் நாட்டுக் காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அன்றைக்கு எவ்வளவு இருந்தது இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு புத்தகம் போடுகிறீர்கள். அது அச்சுக்குப் போகப்போகிறது. கடைசியில் நீ தனியாக உழைத்து எழுதிய ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே வெட்டிய மரமெல்லாம் எங்கே போயிற்று, எந்த எந்த மில் வாங்கிற்று என்று. அதில் நானும் அப்பாவும் வேலை செய்யும் நம் பிளைவுட் மில்லும் இருக்கிறது. அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும் புத்தகம் முழுமையாகத்தான் இருக்கும், வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம் என்று உன் மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். நீ என்னிடம், அம்மா நீ சொல்லு, அந்தப் பக்கத்த எடுத்துடவா, மில்லுக்கு ஏதாவது ஆயி உங்க ரெண்டு பேருக்கும் வேல போச்சுன்னா என்னால தாங்க முடியாது என்று கேட்டாய். இதுதானே. இதற்குத்தான் லைன் சரியில்லாமல் போனது.

இந்தக் குழப்பமெல்லாம் ஆரம்பித்தது நீ அனுப்பிய அந்தத் தாளில்தான். என் முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலப் பாட்டில் உடையாமல் வந்தது, அதைச் சுற்றியிருந்த தாளும் வந்தது. மேசைமேல் விரித்துப் பார்த்தால் வழவழவென்று எவ்வளவு பெரிய தாள், மேலே இரண்டு நாட்டுப் படம், காடு இருக்கும் இடமெல்லாம் பச்சை, கீழே இரண்டு கோடு, பச்சைக் கோடு நம்முடையது, சிவப்புக் கோடு அவர்களுடையது, மூலையில் பொடி எழுத்தில் உன் பெயர். என் மகள் பெயர் அச்சில்! தைலப் பாட்டிலை எங்கே வைத்தேன் என்றே தெரியாமல் போய், அது பிறகு அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் கிடைத்தது. தாளை மட்டும் பத்திரமாக மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பு நிமிர்த்தினேன். விளக்கக் குறிப்பு விட்டுப்போய் அச்சில் கழித்த தாள் அது, பாட்டில் உடையாமல் இருக்கச் சுற்றினேன் என்று நீ பிறகு சொல்லித்தானே தெரியும். யாராவது உள்ளே இருக்கிற பொருளை விட்டுட்டு சுத்தின காகிதத்தக் கொண்டாடுவாங்களாம்மா என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கொண்டாடினேன். மறுநாளே சுருட்டி மில்லுக்கு எடுத்துப் போனேன். என் மேசை இன்னும் அதே ஜன்னலோரம்தான், வேலையும் அதேதான், வெட்டி வந்த மரத்தடியைச் சுழற்றி உரித்த மெல்லிய தகடு வரும், அதில் கணு விழுந்த ஓட்டையை வெட்டி எடுத்து, படகு வடிவத்தில் ஒட்டு வைத்து, பசை டேப் போட்டு, மேலே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும், நகம் தட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. எதிர் மேசை ரேடியோ அக்காவை உனக்கு நினைவிருக்கும், அவர் வாயை மூடினால் கரண்டு போய்விட்டதோ என்று நாங்கள் விளக்கைப் பார்ப்போம். அவர்தான் முதலில் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டு கோடும் இடது ஓரத்தில் ஒரே புள்ளியில் தொடங்குகிறது, பச்சை ஏறுகிறது, சிவப்பு இறங்குகிறது. ஏய், ஆரம்பத்துல ரெண்டு பேருக்கும் ஒரே அளவு காடுடி, இப்ப நாம எங்க இருக்கோம் அவங்க எங்க இருக்காங்க பாரு, ஜெயிச்சுட்டோம் என்று கத்தினார். ஓட்டப்பந்தயத்தில் தானே ஓடிய மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது. எல்லா மேசையிலிருந்தும் பெண்கள் கூடிவிட்டார்கள், நானும் என் மகளாக்கும் என்று மூலையில் இருக்கும் பெயரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன், சத்தம் கேட்டு மேனேஜர் வந்து, என்ன கூட்டம் என்று அதட்ட வந்தவர் தாளைப் பார்த்ததும் குரலை இறக்கிவிட்டார். இரண்டு நாள் குடுங்கம்மா என்று வாங்கிப் போனார். அடுத்த வாரம் பார்த்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாங்க வருகிறவர்களை உட்கார வைக்கும் முன்னறையில் மாட்டியிருக்கிறது. பாட்டில் சுற்றிய மடிப்பு கண்ணாடிக்குள் இன்னும் தெரிகிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாமலே தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் போய்ப் பார்த்தேன்.

அதை உன்னிடம் சொன்னேன், நீ ஐயோ அம்மா என்றாய். அந்த ஐயோவிலிருந்து எனக்குத் தலை கிறுகிறுக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. எவ்ளோ காடு இருக்குன்னு காட்டுற கோடு இல்லம்மா அது, ஆரம்பத்துல இருந்ததுல எவ்ளோ கூடிச்சு, எவ்ளோ குறைஞ்சுச்சுன்னு காட்டுற கோடு, அதனாலதான் ரெண்டும் ஒரே இடத்துல ஆரம்பிக்குது என்று நீ சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லி, அப்பா என்னிடம் திருப்பிச் சொல்லி, இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டு சண்டை போட்டோம். கடைசியில் குழந்தையை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. பிறந்த குழந்தை எடை இரண்டு மடங்கானாலும் இடுப்பில் தூக்கிக்கொள்ளலாம், அப்பா கொஞ்சம் இளைத்தாலும் அவர் உட்கார்ந்தால் நாற்காலி முனகத்தான் செய்யும். அங்கே குறைந்துபோனது மட்டுமே நம் மொத்தக் காட்டையும் விடப் பெரியது என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டு நான் முன்னறைக்குப் போய்க் கண்ணாடிக்கு மேலேயே நம் நாட்டுப் பச்சையை விரலால் மறைத்துப் பார்த்தேன், ஒரு விரலுக்கே மறைந்துவிட்டது. அப்படியானால் ரேடியோ அக்கா எதில் ஜெயித்தார்? சரி, அதாவது போகட்டும். எது காடு என்று கேட்டால் அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னைப் படுத்துகிறது. மேலே இருந்து பார்க்கும்போது இவ்வளவு இடத்தை மரத்தின் தலை மூடியிருந்தால் காடு என்றாய். மில்லுக்குப் பின்னால் இருக்கும் மலையில் ஒரே ஜாதி மரத்தை வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்களே, நடுவில் ஒரு செடி கொடி கிடையாது, அதுவும் காடுதானா என்றேன், சில கணக்கில் காடு, சில கணக்கில் இல்லை என்றாய். அங்கே மொட்டையாக வெட்டிப்போட்ட இடம் என்ன என்றேன், திரும்ப வளரும் என்று வைத்துக்கொண்டால் சில கணக்கில் அதுவும் காடு என்றாய். இங்கே காடு மாதிரி இல்லாததும் காடு, அங்கே மரமே இல்லாததும் காடு, படித்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எங்கள் காதில் பூ சுற்றுகிறீர்களா என்று கேட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு, அப்படிப் பாத்தா இதுவும் காடுதான், திரும்ப வளரும்னு வச்சுக்க வேண்டியதுதான் என்றார். அன்றைக்குச் சிரித்ததுதான், அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு நாள் கையுறை வாங்க நானும் ரேடியோ அக்காவும் முன்னறைக்குப் போனோம். அவர் படத்தின் முன்னால் நின்று, நம் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார், நாங்கள் தகட்டின் மேல் ஓட்டிப் பார்ப்போமே அந்த மாதிரி. கொஞ்ச தூரம் நம் கோடு லேசாக இறங்குகிறது, பிறகு ஒரு இடத்தில் திரும்பி ஏற ஆரம்பிக்கிறது. அவர் விரல் அங்கே நின்றது. கீழே இருக்கும் வருஷத்தைப் படித்தார். அடியே, இது மில்லு மூடிக் கிடந்த வருஷம்டி, மலையில மரம் வெட்டக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சே, அந்த வருஷம் என்றார். ஆமாம் என்றேன். அவர் விரல் நேர் கீழே இறங்கிச் சிவப்புக் கோட்டுக்குப் போனது, அதுவரை மெதுவாக இறங்கி வந்த கோடு அதற்குக் கொஞ்சம் தள்ளி மடமடவென்று சரிகிறது. அந்த வருஷத்தையும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். இது மில்லு மறுபடியும் திறந்த வருஷம் இல்லையாடி என்றார். கையுறை வாங்காமலே திரும்பி வந்தோம். உனக்கு அந்த வருஷங்கள் எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது, நீ பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. அப்பா வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்துப் போட்டு, மாட்டி, மறுபடியும் பிரித்து, கடைசியில் அது ஓடாமலே போனது. பிறகு கப்பலில் வெளிநாட்டு மரத்தடி வர ஆரம்பித்தது. முதல் லாரி வந்த அன்று உன்னையும் மில் கேட்டுக்குக் கூட்டிப் போனோம். நீ பெரிய தடி ஒன்றின் வெட்டுமுகத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, இது வேற வாசன, எங்கேர்ந்து வந்துச்சு என்று கேட்டாய். தூரத்துலேர்ந்து என்றார் அப்பா. நான் அங்க போகணும் என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா உன்னைத் தூக்கித் தான் ஓட்டும் கிரேனில் உட்கார வைத்தார். அன்றைக்கு வந்த தடியும் நீ இப்போது இருக்கும் அந்த நாட்டுத் தடிதான், இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாத விஷயமா, தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தத் தடியும் உன் சிவப்புக் கோடும் ஒன்று என்று ரேடியோ அக்காவின் விரல் காட்டும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. நீ அங்கே எந்தக் காடு போய்விட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாயோ அதைத்தான் நான் இங்கே மேசைமேல் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், உன் பக்கத்தைப் பற்றியும் சொன்னேன். முதலில் அவருக்கு அது என்ன பக்கம் என்றே விளங்கவில்லை. விளங்கியதும், நம்ம பொண்ணே நம்ம மில்லு பேர எழுதுவாளா என்றார். எழுதிவிட்டாள், அதை வைப்பதா எடுப்பதா என்று கேட்கிறாள் என்றேன். கேக்குறதே தப்பு, அவ வேலைய அவ பாக்கட்டும், நம்ம வேலைய நாம பாப்போம், ரெண்டையும் போட்டு எதுக்குக் குழப்பணும் என்று எழுந்து போய்விட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது கண்ணு. மேசைக்கு மேசை பெண்கள், ரேடியோ அக்கா ஒருத்தர் கையைப் பார்த்து வீட்டில் எத்தனை பேர், தடி நின்றால் அவர்கள் எல்லோரும் என்ன செய்வார்கள் என்பதுதான் அவர் கவலை. தடி நின்றால் மில்காரர்கள் சும்மா இருப்பார்களா, பின்னால் இருக்கும் மலையைக் கொடு என்று அரசாங்கத்தின் காலைப் பிடிப்பார்கள். கொடுத்தால் நம் கோடு இறங்கும், அவர்கள் கோடு ஏறும், நீ மறுபடியும் ஒரு புத்தகம் போடுவாய், அப்போது யார் ஜெயித்தார்கள் என்று ரேடியோ அக்கா கத்துவார்? இதையெல்லாம் நினைத்தால் எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. மறுநாள் பார்த்தால் மின்விசிறி தரையில் பிரிந்து கிடக்கிறது, அது பழைய விசிறி இல்லை, நீ போன தடவை வந்தபோது வாங்கித் தந்த புது விசிறி.

சரி, பேசாமல் அந்தப் படத்தையாவது திருப்பி வாங்கி வந்துவிடலாம், எல்லாம் அதனால்தானே என்று ஒரு நாள் வேலை முடிந்ததும் மேனேஜரிடம் போனேன். அவர் நல்ல மனிதர்தான், என்னை உட்காரச் சொன்னார். படத்தைக் கேட்டதும், ஐயையோ அதக் கேக்காதீங்க, வர்றவங்க எல்லாரும் அதத்தான் முதல்ல பாக்குறாங்க, நம்ம நாட்டுல காடு கூடிக்கிட்டே போகுது, எங்க பிளைவுட்டால ஒரு காட்டுக்கும் கேடு இல்லன்னு நான் வாயத் தொறந்து சொல்லவே வேண்டாம், அந்தப் படமே சொல்லிடுது, விளம்பரத் தாள்ல கூட அச்சடிக்கப் போறோம், கீழ உங்க பொண்ணு பேரோட என்றார். மரம் நம் நாட்டு மரம் இல்லையே என்று கேட்டுவிட்டேன், எங்கிருந்து தைரியம் வந்ததோ. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அது அவங்க நாட்டுக் கணக்கும்மா, நம்ம கணக்குல வராது என்றார். அவர் பொய் சொல்லவில்லை பார், படத்தில் இருக்கும் எதுவும் பொய் இல்லை, நம் காடு கூடியது நிஜம், அவர்கள் காடு குறைந்தது நிஜம். எல்லாம் நிஜமாக இருந்தும் அந்த அறையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவர் ஒரு பொய்யை நம்பிவிட்டு எழுந்து போகிறார். அதற்குக் கீழே என் மகள் பெயர். அது எப்படி என்று யோசித்து யோசித்து, வழியில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. புதுத் தகடு ஒன்று, நல்ல அகலம், நடுவில் மட்டும் ஓட்டை. ஓட்டைக்கு ஒட்டு வேண்டும், ஒட்டை எங்கிருந்து வெட்டுவேன், பக்கத்தில் கழித்துப் போட்ட தகட்டிலிருந்து வெட்டுவேன். இத்தனை காலமாக அப்படித்தான் வெட்டுகிறேன். இந்தத் தகடு முழுசாகி, மேலே பளபளவென்று போய்விடும், நகம் தட்டாது, வாங்குகிறவருக்கு ஓட்டை இருந்ததே தெரியாது. அந்த இன்னொரு தகடு சல்லடை மாதிரி ஓட்டையாகி அடுப்புக்குப் போகும். அதை யாரும் முன்னறைக்கு எடுத்துப் போய்க் காட்டுவதில்லை. நான் இதை உனக்குச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை, நீ இதை ஏற்கெனவே படிப்பில் வேறு பெயர் வைத்துப் படித்திருப்பாய், எனக்கு இப்படித்தான் வந்தது.

ரேடியோ அக்காவிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் உன் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், திட்டுவார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, மற்றவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டுக் கேட்டுப் போனார்கள், எனக்கு அழுகை வந்தது. கை கழுவும் இடத்தில் வைத்துத்தான் கேட்டார், ஒண்ணு சொல்லு, உன் பொண்ணு எழுதாம விட்டா மட்டும் தடி வந்துக்கிட்டே இருக்குமா என்று. எனக்குத் தெரியாது என்றேன். உன் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவருதானே தூக்குறாரு, கேளு என்றார்.

கேட்டேன். அப்பா விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, நம்ம வாலு மோந்து பாத்தாளே, அந்தக் காலத்துல ஒரு தூக்குக்கு ஒரு தடி, கிரேனே ஒரு பக்கமா சாயும், இப்ப ஒரு தூக்குக்கு ஒரு கட்டு, ஏழோ எட்டோ சேத்துக் கட்டினாத்தான் ஒரு தூக்கு, அவ்ளோ ஒல்லி, வர வர ஒல்லி என்றார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்றேன். பெருசு தீந்துபோச்சுன்னு அர்த்தம், அவ எழுதினாலும் நிக்கும், எழுதாட்டியும் நிக்கும் என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, அதையும் அந்தப் பக்கத்துல எழுதச் சொல்லு, கிரேன் ஓட்டுறவர் சொன்னாருன்னு எழுதச் சொல்லு, அவங்க அப்பான்னு எழுத வேண்டாம், தனக்கு வேண்டியவங்க சொன்னதுன்னா ஆளுங்க நம்ப மாட்டாங்க என்றார். எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும் இந்த மனிதரை நான் புரிந்துகொள்ளவே போவதில்லை.

அதனால் வாலு, என் பதில் இதுதான். எனக்கு இன்னும் முக்கால்வாசி குழப்பம். எது காடு என்று தெரியவில்லை, யார் பக்கம் சரி என்று தெரியவில்லை, மில் போனால் நாங்கள் என்ன செய்வோம் என்றும் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பக்கத்தை எடுக்காதே. எனக்காக எடுக்காதே, அப்பாவுக்காகவும் எடுக்காதே. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் உன் படம் மேனேஜர் பேசுவதைத்தான் பேசும், உன் பெயரைப் போட்டுக்கொண்டு பேசும், அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க என்னால் முடியாது. நம் மில் பெயரும் அதில் அப்படியே இருக்கட்டும். அதோடு அங்கே மேசைக்கு மேசை பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுது, தடி நின்றால் மலையைக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள், அந்தப் பெண்களுக்கு வேறு வழி சொல்லுங்கள் என்றும் எழுத முடியுமானால் எழுது. அதற்கெல்லாம் ஒரு பக்கத்தில் இடம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. ரேடியோ அக்காவிடம் உன் பதிலைச் சொல்ல வேண்டும், இன்று காலையிலிருந்து அவர் மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டார், முதல் பேச்சே புத்தகத்துல என் பேரும் வருமா என்பதுதான். விசிறியையும் அப்பா மாட்டிவிட்டார், ஓடுகிறது, ஒரு திருகாணி மட்டும் மிச்சம் இருக்கிறது, அது எங்கே போக வேண்டியது என்று கேட்டால் முறைக்கிறார், நான் விசிறிக்கு நேர் கீழே உட்காருவதில்லை. கடிதம் வந்து சேர்வதற்குள் அச்சு ஓடிவிடக் கூடாது என்று இதைப் போட்டோ எடுத்து அனுப்ப அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் விரல் பாதியை மறைத்திருக்கும், மறைந்ததைத் தபாலில் வந்ததும் படித்துக்கொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலை உனக்குக் கைகூட வேண்டும், யாருக்கும் பயப்படாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எப்போதும் உன்கூட இருக்கும். காதை மூடிக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. இன்னொன்று, மறக்காமல் செய். புது அறைக்கு ஒரு துணி அலமாரி வாங்கியிருக்கிறேன் என்றாயே, அங்கே விற்கும் பிளைவுட்டில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று மேனேஜர் பெருமையாகச் சொல்வார், அந்த நாட்டு மரமே எங்கள் மேசைக்கு வந்துவிட்டு மறுபடியும் அந்த நாட்டுக்கே போகிறதாம், இதையும் உன் பக்கத்தில் எந்தக் கோட்டில் சேர்ப்பாயோ. அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, பின்பக்கப் பலகையைப் பார். படகு மாதிரி ஒரு ஒட்டு எங்கேயாவது இருக்கும். அதன் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார். தட்டினால் அது வேறு யாரோ ஒட்டியது. தட்டாவிட்டால் கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஜன்னலோர மேசையிலிருந்து
உன் அம்மா